முழங்கை மடிப்பிலிருந்து எந்திரம் வரை

பொட்டாசியம் 9.4. கால்சியம் 3.8. திரையில் இரண்டு எண்களும் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தன. பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம். பொட்டாசியம் 9.4-க்குப் போனால் இதயம் எந்த நொடியும் நின்றுவிடலாம். கால்சியம் 3.8-க்கு இறங்கினால் கைவிரல்கள் இழுத்துக்கொண்டு வலிப்பே வந்திருக்க வேண்டும். எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தேன். அந்த ரத்தத்துக்கு உரியவர் பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்த டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீசியன் பட்டயப் படிப்பு) மாணவன் பக்கத்தில் நின்றான். “தம்பி, இந்தச் சிவப்பு மூடி ட்யூப்ல ரத்தம் எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

“பத்தலை சார். ஊதா மூடியில நிறைய இருந்துச்சு. அதுலேருந்து கொஞ்சம் இதுல ஊத்திட்டேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒரே ஆளோட ரத்தம்தானே சார்?” என்றான்.

கேள்வி நியாயமானதுதான். ஒரே ஆளின் ரத்தம்தான். ஆனால் ஊதா மூடிக் குழாய்க்குள் போனதுமே அது வேறு ரத்தம் ஆகிவிடுகிறது. அந்தக் குழாயின் உட்சுவரில் ஈடிடிஏ என்ற உப்பைப் பூசியிருப்பார்கள். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அந்தக் கால்சியத்தை நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோலக் கவ்விக்கொள்ளும். இப்படிப்பட்ட பொருள்களுக்கு வேதியியலில் வைத்திருக்கும் பெயரே நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். கால்சியம் சிக்கிக்கொண்டால் ரத்தம் உறையாது, அணுக்களை எண்ணலாம். அதற்காகத்தான் ஊதா மூடி. குழாயில் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசிய உப்பு. அதைக் கொண்டுபோய்ச் சிவப்பு மூடியில் ஊற்றிவிட்டுப் பொட்டாசியமும் கால்சியமும் பார்த்தால் என்ன வரும்? பொட்டாசியம் வானத்துக்குப் போகும், கால்சியம் பாதாளத்துக்கு இறங்கும். கூடவே அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியும் சரிந்திருந்தது. அதற்குத் துத்தநாகமும் மக்னீசியமும் துணை வேண்டும். நண்டு அவற்றையும் விட்டுவைப்பதில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் அனுபவசாலிகள் நோயாளியைத் தேடி ஓட மாட்டார்கள், குழாயைத்தான் தேடுவார்கள்.

இந்த ஈடிடிஏவின் பூர்வீகம் மருத்துவமனை அல்ல, சாயத் தொழில். 1935 வாக்கில் ஜெர்மனியில் பெர்டினாண்ட் மியூன்ஸ் என்ற வேதியியலாளர், சாயமிடும் நீரிலுள்ள கால்சியத்தைக் கட்டிப்போடச் சிட்ரிக் அமிலத்துக்கு மாற்றுத் தேடியபோது செய்தது இது. கடினநீரில் சாயம் சரியாகப் பிடிக்காது என்பது திருப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துணிக்காகப் பிறந்த அந்த உப்பு இன்று ஊர் ஊராக ரத்தக் குழாய்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மறுபடி ரத்தம் எடுத்தோம். பொட்டாசியம் 4.2. “எதுக்குங்க ரெண்டாவது தடவை குத்துறீங்க?” என்று சலித்துக்கொண்டே போனார் அந்த மனிதர். தவறு மாட்டிக்கொண்டதற்குக் காரணம் எங்கள் கெட்டிக்காரத்தனம் அல்ல. எண்கள் அத்தனை அபத்தமாக இருந்தன, அவ்வளவுதான். பையன் இரண்டு சொட்டு மட்டும் ஊற்றியிருந்தால் பொட்டாசியம் 5.9 என்று வந்திருக்கும். நம்பும்படியான எண். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்போம். மருத்துவர் அதைக் குறைக்க மருந்தும் கொடுத்திருப்பார்.

இத்தாலியின் பதுவா நகர மருத்துவமனை லேபில் பிளெபானி, கரரோ என்ற இருவர் மூன்று மாதம் உட்கார்ந்து தங்கள் தவறுகளைத் தாங்களே எண்ணினார்கள். 1997-இல் அதை வெளியிட்டார்கள். 40,490 பரிசோதனைகளில் 189 தவறுகள். அவற்றில் எந்திரம் ஓடும் கட்டத்தில் நடந்தவை 13 சதவீதம்தான். 68 சதவீதம் ரத்தம் எந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நடந்துவிட்டவை. பத்தாண்டு கழித்து மறுபடி எண்ணிப் பார்த்தபோதும் அந்தப் பங்கு 62 சதவீதத்துக்குக் கீழே பெரிதாக இறங்கவில்லை. கோடி ரூபாய் எந்திரத்தைக் கண்ணாடி அறையில் ஏ.சி. போட்டு வைத்துவிட்டு, வாசலில் ஊசி பிடிப்பவரை ‘அது சும்மா ரத்தம் எடுக்கிற வேலை’ என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தலைகீழான கணக்கு அது. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் லேப், எக்ஸ்ரே, இயன்முறை மருத்துவம் எல்லாவற்றையும் தனித் தொழில்களாக ஏற்றுக்கொண்டது. ஊர்வழக்கில் ‘பாராமெடிக்கல்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்தவர்களுக்குச் சட்டப்படி ஒரு முகவரி கிடைத்தது. முகவரிக்கு ஏற்ற வேலை முழங்கை மடிப்பில் தொடங்குகிறது.

இல்லை, அதற்கும் முன்னால், பெயரில் தொடங்குகிறது.

“நீங்கதானே லட்சுமி?” என்று கேட்கக் கூடாது. காது மந்தமான பாட்டி எதைக் கேட்டாலும் “ஆமா தாயி” என்பார். அரைத் தூக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுவார். “உங்க பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர் என்ன? வயசு எத்தனை?” என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைத்து, சீட்டோடு ஒப்பிட வேண்டும். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, ஓர் எழுத்து இனிஷியல்தான். ஒரே வார்டில் கே. லட்சுமி இரண்டு பேர் இருப்பது சர்வ சாதாரணம். குழாயில் பெயர் எழுதுவதும் ரத்தம் எடுத்த கையோடு, அவர் பக்கத்தில் நின்றே எழுத வேண்டும். முன்கூட்டியே பத்துக் குழாயில் பெயர் எழுதி வரிசையாக அடுக்கிக்கொண்டு கிளம்புவது வேகமான வேலைபோலத் தெரியும். ஒரு கட்டிலில் ஆள் கழிவறைக்குப் போயிருந்தால் வரிசை முழுக்க ஒன்று தள்ளிப்போய்விடும். சர்க்கரைப் பரிசோதனையில் இப்படி மாறினால் திருத்திக்கொள்ளலாம். ரத்தம் ஏற்றுவதற்காக வகை பார்க்க எடுத்த குழாய் மாறினால் திருத்த நேரம் இருக்காது. ரத்த வகைகளைக் கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-இல் விளக்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் வகை மாறி ரத்தம் ஏற்றப்படும்போது, பெரும்பாலும் தவறிப்போவது விஞ்ஞானம் அல்ல, எழுதிய பெயர்.

அடுத்தது ‘நரம்பு’. “நரம்பே கிடைக்கலை” என்று ஊசி போடுகிறவர்கள் சொல்லாத நாள் இல்லை. அவர்கள் சொல்வது ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் சிரையை. உண்மையான நரம்பு, அதாவது மூளையின் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு, வேறு. பேச்சுத்தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டது. நோயாளியிடம் பேச அது போதும். மாணவர்களுக்குப் போதாது. முழங்கை மடிப்பின் உட்பக்கத்தில், சுண்டுவிரல் இருக்கும் பக்கமாக ஓடும் சிரை பார்க்கப் பளிச்சென்று ஆசைகாட்டும். அதற்குப் பக்கத்திலேயே தமனியும் மெய்யான நரம்பும் ஓடுகின்றன. நரம்பில் ஊசி பட்டால் ஆள் மின்சாரம் பாய்ந்ததுபோல விரல்நுனி வரை துடிப்பார். அப்போது ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்று சொல்லக் கூடாது. உடனே ஊசியை எடுத்துவிட வேண்டும். அதனால்தான் முதலில் மடிப்பின் நடுவில் குறுக்காக ஓடும் சிரையைத் தேடச் சொல்கிறோம். அது கிடைக்காவிட்டால் கட்டைவிரல் பக்கத்துச் சிரை. உட்பக்கம் கடைசி வழி.

தேடுவது கண்ணால் அல்ல, விரலால். நீலக்கோடாகத் தெரிவதெல்லாம் நல்ல சிரை ஆகாது. ஆட்காட்டி விரலால் அழுத்தினால் ரப்பர் குழாய்போல அமுங்கி மேலெழ வேண்டும். துடித்தால் அது தமனி, கையை எடுங்கள். தொட்ட இடத்தில் விர்ரென்று அதிர்வு தெரிந்தால், டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அறுவை செய்து தமனியையும் சிரையையும் இணைத்த இடம் அது. அந்தக் கையை அவர் உயிரைப்போலப் பாதுகாக்கிறார். அதில் டூர்னிகெட் என்ற இறுக்கப் பட்டையைக்கூடக் கட்டக் கூடாது. குளுக்கோஸ் ஏறும் கையில் எடுத்தால் சர்க்கரை 600 என்று வரும், மற்றதெல்லாம் நீர்த்துப்போயிருக்கும்.

டூர்னிகெட்டை முழங்கைக்கு மேல் நாலு விரல் தள்ளிக் கட்டுகிறோம். ஒரு நிமிடத்துக்குமேல் அது இருக்கக் கூடாது. கட்டியது கட்டியபடி இருந்தால் சிரையிலிருந்து நீர் மட்டும் சுற்றியுள்ள திசுவுக்குக் கசிந்துவிடும். பெரிய மூலக்கூறுகளான புரதங்களும், அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கால்சியமும், கொழுப்பும், ரத்த அணுக்களும் உள்ளேயே தங்கிக் கெட்டிப்படும். ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தால் உப்புக் கரிப்பதுபோலத்தான். போதாக்குறைக்கு, “கையை நல்லா மூடி மூடித் திறங்க” என்று சொல்லும் பழக்கம். தசை வேலை செய்தால் பொட்டாசியத்தை வெளியே விடும். அது கட்டுக்குக் கீழே தேங்கி நிற்கும். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் வரைகூடக் கூடிக் காட்டலாம். ஒருமுறை மூடிப் பிடிக்கச் சொன்னால் போதும்.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், கிருமியும் ஒழுங்காகச் சாகாது. ஸ்பிரிட் ரத்தத்தில் கலந்தால் சிவப்பணு உடையும்.

சிவப்பணு உடைவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லேபில் நாள்தோறும் புழங்கும் சொல் அது: “சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிடுச்சு.” நல்ல ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றினால் மேலே நிற்கும் சீரம் இளமஞ்சளாக, தெளிந்த நல்லெண்ணெய்போல இருக்கும். வயிறு முட்டக் கொழுப்பு தின்றுவிட்டு வந்தவருடையது பால்போலக் கலங்கியிருக்கும். மஞ்சள் காமாலைக்காரருடையது மஞ்சள்தூளைக் கரைத்ததுபோல. சிவப்பணு உடைந்த சீரமோ நன்னாரி சர்பத். குழாயைப் பார்த்த மாத்திரத்தில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சிறு லேப்களில் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று. சிரிஞ்சில் ரத்தம் எடுப்பார்கள். ஊசியைக் கழற்றாமலேயே குழாயின் ரப்பர் மூடியில் குத்தி, கட்டைவிரலால் சிரிஞ்சின் தண்டை அழுத்தித் தள்ளுவார்கள். ரத்தம் பீய்ச்சியடித்துச் சுவரில் மோதி நுரைக்கும். 23 எண் ஊசியின் வெளிக்குறுக்களவே சுமார் 0.6 மில்லிமீட்டர். எண் கூடக்கூட ஊசி மெல்லிதாகும் என்பதைப் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம். அந்த மெல்லிய துளை வழியாக அணுக்களை அழுத்தித் தள்ளினால் என்ன ஆகும்? கோடிக்கணக்கில் கிழியும். சிவப்பணுவுக்கு உள்ளே இருக்கும் பொட்டாசியத்தின் செறிவு வெளியே இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேல். கிழிந்த அணுக்கள் அதை அப்படியே சீரத்தில் கொட்டும். ஊசியைப் பாதுகாப்பாக நீக்கிவிட்டு, மூடியைத் திறந்து, குழாயின் சுவர் ஓரமாக ரத்தத்தை மெல்ல வழியவிட்டால் ஒரு கேடும் இல்லை. வெற்றிடக் குழாயாக இருந்தால் தண்டைத் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் வெற்றிடமே வேண்டிய அளவை இழுத்துக்கொள்ளும்.

பொட்டாசியம் கூடுதலாகக் காட்டினால் மறுபடி எடுத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். எனக்குப் பயம் அதைப்பற்றி அல்ல. மூன்று நாள் வயிற்றுப்போக்கில் துவண்டு வந்த குழந்தைக்கு உண்மையில் பொட்டாசியம் 2.8. தசை சோர்ந்து, இதயம் தடுமாறும் அளவு. ரத்தம் எடுத்தபோது அணு உடைந்து 1.2 கூடிவிட்டது. ரிப்போர்ட்டில் 4.0. அம்சமான எண். யாரும் மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

குழாய்களை ஒரு வரிசையில் நிரப்புவதும் இப்படிப்பட்ட பொய் எண்களைத் தவிர்க்கத்தான். ஒரே குத்தில் நாலைந்து குழாய் நிரப்பும்போது முந்திய குழாயின் மருந்து ஊசிநுனியில் ஒட்டிக்கொண்டு அடுத்ததற்குள் போகக்கூடும். ஆகவே, கிருமி வளர்ப்புக்கான புட்டி இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால். அப்புறம் சிட்ரேட் உள்ள நீலம், சீரத்துக்கான சிவப்பு அல்லது மஞ்சள், ஹெப்பாரின் உள்ள பச்சை, ஈடிடிஏ உள்ள ஊதா, கடைசியாகப் புளோரைடு உள்ள சாம்பல். மனப்பாடம் செய்ய ஆளுக்கொரு உத்தி வைத்திருப்பார்கள். நான் வகுப்பில் சொல்வது: “நீ சின்னப் பையன், ஊசி சாதாரணம்.” நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். பெண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இதற்கு எதிர்ப்புக் கிளம்பும். எதிர்த்தவர்கள்தான் தேர்வில் மறக்காமல் எழுதுவார்கள்.

நீல மூடியில் இன்னொரு நுட்பம். அதில் ஒரு பங்கு சிட்ரேட் திரவத்துக்கு ஒன்பது பங்கு ரத்தம் வேண்டும், கோடு வரை. ரத்தம் பாதிதான் கிடைத்தது என்று அப்படியே அனுப்பினால் சிட்ரேட் மிகுந்துபோய், ரத்தம் உறைய நெடுநேரம் ஆவதாகக் காட்டும். இதய வால்வு மாற்றி, உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எண்ணைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பார். வால்வில் கட்டி சேரத் தொடங்கும். கோட்டுக்குக் கீழே நின்ற குழாயை லேபில் திருப்பி அனுப்பினால் வார்டில் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

நிரப்பியதும் குழாயைக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஊதா என்றால் எட்டு முதல் பத்து முறை, நீலம் மூன்று நாலு முறை. குலுக்கக் கூடாது. ஊதாவைக் கலக்காமல் தாங்கியில் செருகிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் அடியில் சின்னதாக ஓர் உறைகட்டி விழும். பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்திரம் மிச்சத்தை எண்ணி 25,000 என்று சொல்லும்.

டெங்கு பரவும் ஐப்பசி, கார்த்திகையில் அந்த எண்ணுக்கு இருக்கும் பயங்கரம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ‘பிளேட்லெட் இறங்கிடுச்சு’ என்ற ஒரு வார்த்தைக்குக் குடும்பமே பப்பாளி இலையைத் தேடித் தெருத்தெருவாக அலையும். எண் நிஜமாகவே இறங்கியிருக்கலாம். கலக்காமல் விட்டதாகவும் இருக்கலாம். மூன்றாவதாக ஒரு விசித்திரமும் உண்டு. சுமார் ஆயிரத்தில் ஒருவருடைய ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள், ஈடிடிஏ கலந்தவுடன் தட்டணுக்களைக் கொத்துக்கொத்தாகச் சேர்த்துக் கட்டிவிடும். உடம்புக்குள் ஒரு குறையும் கிடையாது, குழாய்க்குள் மட்டும் நடக்கும் கூத்து. எந்திரம் கொத்து முழுவதையும் ஒரே அணுவாகப் பார்த்துக் குறைத்துச் சொல்லும். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் விளிம்பில் திராட்சைக் குலைகளாக அவை தெரியும். நீல மூடியில் மறுபடி எடுத்து எண்ணி, சிட்ரேட்டால் நீர்த்ததற்கு ஈடாக 1.1-ஆல் பெருக்கினால் உண்மை வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் தட்டணு ஏற்றப்பட்டவர்கள் உண்டு.

சர்க்கரைக்கு வருவோம். உடம்பை விட்டு வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, பசியோடும் இருக்கின்றன. அறை வெப்பத்தில் அவை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்தபோது 130. அதாவது சர்க்கரை நோய் என்று சொல்லும் எல்லையான 126-ஐத் தாண்டிவிட்டது. சாதாரணக் குழாயில் அதைப் பைக் பெட்டியில் வைத்து, வெயிலில் இன்னும் ஆறு வீடு சுற்றி, பதினொரு மணிக்கு லேபில் சேர்த்தால் 108 வரும். “சர்க்கரை இல்லைங்க, கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று அவரை அனுப்பிவிடுவோம். இதற்குத்தான் சாம்பல் மூடியில் புளோரைடு. அது அணுவின் சமையலை நிறுத்தும். ஆனால் முதல் அடுப்பை அணைக்காது, கடைசிக்குப் பக்கத்தில் ஓர் அடுப்பை அணைக்கும். அதனால் முதல் ஓரிரு மணி நேரம் சர்க்கரை கொஞ்சம் கரைந்துகொண்டுதான் இருக்கும். சாம்பல் மூடி போட்டுவிட்டோம் என்று சாயங்காலம் வரை தூங்க முடியாது. சீக்கிரம் சுழற்றிப் பிரிப்பதே நல்லது.

அப்படியானால் பிரிட்ஜில் வைத்துவிடலாமா? சர்க்கரைக்கு நல்லது, அணுக்களின் பசி குளிரில் அடங்கும். பொட்டாசியத்துக்குக் கெடுதல். அணுவின் சுவரில் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைக்கும் இறைப்பான் குளிரில் நின்றுபோகும், உள்ளேயிருந்து கசியத் தொடங்கும். ஒரே அலமாரி, ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்கு விஷம். எந்தக் குழாய் ஐஸில் போகும், எது வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளுக்குள் போகும், எது அரை மணி நேரம் தொடாமல் உறைய வேண்டும் என்பதெல்லாம் அட்டவணையாகச் சுவரில் தொங்கும். அம்மோனியா ஐஸில். பிலிரூபின் இருட்டில். காரணம் தெரிந்தவர்களுக்கு அட்டவணை தேவைப்படாது.

இந்த வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு கதை இருக்கிறது. 1986-இல் இந்தியாவில் எய்ட்ஸ் கிடையாது என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவிடம் ஆய்வுக்காக அதைத் தேடிப் பார்க்கச் சொன்னார். நிர்மலாவைக் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. சீரத்தைப் பிரிக்கச் சின்னதாக ஓர் இடத்தை அமைத்துக்கொண்டார்கள். பிரித்ததை வைத்திருந்தது நிர்மலா வீட்டுப் பிரிட்ஜில். பரிசோதனை வசதி சென்னையில் இல்லாததால் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாடு அறிந்தது அப்படித்தான். பெரிய கருவி எதுவும் அந்தக் கதையின் முதல் பாதியில் இல்லை. ஊசி, குழாய், பெயர்ச்சீட்டு, ஐஸ், ரயில்.

கையுறை இல்லாமல் அவர் எடுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அடிவயிறு கலங்கும். எச்.ஐ.வி. உள்ளவருக்குக் குத்திய ஊசி நம் விரலில் குத்தினால் தொற்றும் வாய்ப்பு 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் சி என்றால் பழைய கணக்குப்படி 1.8 சதவீதம் அளவு. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 30 சதவீதம் வரை போகும். எல்லோரும் முதலாவதற்கு அஞ்சி நடுங்குகிறார்கள். நூறு மடங்கு எளிதாகத் தொற்றும் மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் கிருமி காய்ந்த ரத்தத்துளியில் மேசைமேல் ஏழு நாள் உயிரோடு இருக்கும்.

ஊசி குத்துவது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும்போது அல்ல, எடுத்து முடித்த பிறகு. டூர்னிகெட்டை முதலில் அவிழ்த்துவிட்டு, பிறகு ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தச் சொல்கிறோம். கை நேராக நீண்டிருக்க வேண்டும். ‘மடக்கிக்கோங்க’ என்று நாம் சொல்லிப் பழகியதுதான் மறுநாள் கறுநீலமாக வீங்க வைக்கிறது. இந்த நேரத்தில் இடக்கையில் மூடியைப் பிடித்து வலக்கை ஊசியை அதற்குள் செருகப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூடவே கூடாது. ஊசியை நேராகக் கட்டரில் வெட்டி, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும். ஊசி போன சிரிஞ்சும் பிளாஸ்டிக் குழாயும் சிவப்புப் பையில், ரத்தப் பஞ்சு மஞ்சளில், உடைந்த கண்ணாடி நீலத்தில். 2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் நிறங்கள் இவை. மஞ்சள் பையில் போட்ட ஊசி உங்களைக் குத்தாது. அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் அக்காவைக் குத்தும். அவருக்கு அது யாருடைய ரத்தம் என்றுகூடத் தெரியாது.

குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, மேலே இருப்பவரிடம் உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. திட்டுவார்களே என்று மறைத்து வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் அழுதபடி வந்து நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு லேப் படிப்பில் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒன்று. சிறுவயதில் போட்டார்களா என்பது நினைவில்லை என்றால், முதல் ஊசி பிடிக்கும் முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். முதல் தவணை இன்று, இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். மூன்றும் முடிந்து ஓரிரு மாதம் கழித்து ரத்தம் கொடுத்து, எதிர்ப்பொருளின் அளவு 10-க்கு மேல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டும்போது, ஊசியோடு வருபவர் உங்கள் பெயரைக் கேட்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.